வாளி காத்திருக்கும், ஷவர் காத்திருக்காது

காலை ஏழரை மணி. மாடிக் குளியலறையில் ஒருவர் தலையில் ஷாம்பூ நுரையோடு நிற்கிறார். கீழே இன்னொருவர் ஷவரைத் திறக்கிறார். மாடியில் விழுந்துகொண்டிருந்த தண்ணீர் மெலிந்து, சொட்டி, நின்றுபோகிறது. "கீழ யாரு பைப்பைத் திறந்தது?" என்று மேலேயிருந்து ஒரு கூச்சல். முப்பது நாற்பது வருடங்களுக்கு முன் தரைத்தளம் மட்டும் கட்டி, பிள்ளைகள் வளர்ந்ததும் மேலே ஒரு மாடி எடுத்த வீடுகள் நம் ஊர்களில் ஏராளம். அந்த வீடுகளில் வாழ்ந்தவர்களுக்கு இந்தக் கூச்சல் புதிதல்ல.

யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. "பிரஷர் பத்தல சார், ஒரு பம்ப் போட்டுரலாம்" என்பார் பிளம்பர். "டேங்க்கை இன்னும் ஆறடி தூக்கி வைங்க" என்பார் பக்கத்து வீட்டுக்காரர். கடைக்காரர் புது ஷவர் ஒன்றை எடுத்து மேசைமேல் வைப்பார். சில வீடுகளுக்கு இவற்றில் ஒன்று சரியாகப் பொருந்தும். பழைய வீடுகள் பலவற்றில் மூன்றுமே வீண்செலவு. கோளாறு சுவருக்குள் ஓடும் அரை இன்ச் குழாயில் இருக்கும்போது, அதைத் தொடாமல் மற்ற எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டிருப்போம்.

அந்தக் குழாயைக் குறை சொல்வதும் நியாயமில்லை. அதைப் போட்ட காலத்தில் குளியலறையில் சிமென்ட் தொட்டியோ பித்தளை அண்டாவோ இருந்தது. குழாயின் வேலை அதை நிரப்புவது மட்டும்தான். இருபது லிட்டர் வாளி நிரம்ப ஐந்து நிமிடம் ஆனால் யாருக்கும் நஷ்டமில்லை. அதற்குள் எண்ணெய் தேய்த்துக்கொள்ளலாம். நிமிடத்துக்கு நான்கு லிட்டர் வந்தால் போதும். வாளியில் சேர்ந்த தண்ணீரை வேண்டிய வேகத்தில் மொண்டு ஊற்றிக்கொள்வது நம் கையில் இருந்தது. ஷவரில் சேமிப்பு என்பதே இல்லை. அந்த நொடியில் குழாயில் வருவதுதான் அந்த நொடியில் தலையில் விழும். உருப்படியான ஒரு ஷவருக்கு நிமிடத்துக்கு எட்டு லிட்டராவது வேண்டும். இரண்டு ஷவர் ஒரே நேரத்தில் திறந்தால் பதினாறு. அதே குழாய், நான்கு மடங்கு வேலை.

இனி கணக்குக்கு வருவோம். வரவு ஒன்று, செலவு ஒன்று. வரவு என்பது உயரம். செலவு என்பது குழாயின் உராய்வு. ஷவரின் வாயில் மிச்சம் இருப்பதுதான் நாம் அனுபவிக்கும் அழுத்தம்.

வரவைப் பற்றி பதினேழாம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் தெளிவாகச் சொல்லிவிட்டார்: நிற்கும் தண்ணீரின் அழுத்தம் அதன் உயரத்தை மட்டுமே பொறுத்தது, அளவைப் பொறுத்ததல்ல. மொட்டை மாடியில் ஐந்நூறு லிட்டர் டேங்க் இருந்தாலும் ஐயாயிரம் லிட்டர் டேங்க் இருந்தாலும், நீர்மட்டம் ஒன்றாக இருந்தால் கீழே அழுத்தமும் ஒன்றுதான். பெரிய டேங்க் வைத்தால் வேகமாக வரும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பத்து மீட்டர் உயரத் தண்ணீர் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் தரும். பிளம்பர்கள் இதையே ஒரு கிலோ என்பார்கள்.

நம் மாடி வீட்டில் எத்தனை மீட்டர் கிடைக்கிறது? தளத்தின் மேல்மட்டம் தரையிலிருந்து பத்தரை அடி என்று வைத்துக்கொள்வோம். ஷவர் ஏழடியில். இடைவெளி மூன்றரை அடி, அதாவது ஒரு மீட்டருக்குச் சற்று மேல். டேங்க் தளத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. நிரம்பியிருந்தால் இன்னொரு மீட்டர். மொத்தம் இரண்டு மீட்டர், 0.2 பார். தரைத்தள ஷவருக்கு ஒரு மாடி உயரம் கூடுதலாகச் சேர்ந்து ஐந்தேகால் மீட்டர் வரும். கடைகளில் விற்கும் வெளிநாட்டு வடிவமைப்பு ஷவர்களின் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் அரை பார் முதல் ஒரு பார் வரையாவது வேண்டும் என்று இருக்கும். நகராட்சிக் குழாயிலேயே இரண்டு மூன்று பார் அழுத்தம் ஓடும் நாடுகளுக்காகச் செய்த பொருள் அது. பத்து அங்குல அகலத்தில் நூற்றுக்கணக்கான துளைகளோடு மழைபோல் கொட்டும் என்று விளம்பரப்படுத்தும் ஷவரை 0.2 பாரில் மாட்டினால், நடுவில் மட்டும் நாலு சொட்டு விழும்.

செலவுக் கணக்கு இதைவிடச் சுவாரசியமானது. குழாயில் தண்ணீர் ஓடும்போது எவ்வளவு அழுத்தம் இழக்கிறது என்பதை முறையாக அளந்தவர்களில் முதன்மையானவர் ஹென்றி டார்சி. பிரான்சின் டிஜான் நகரத்துக்காரர். பன்னிரண்டு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த ஊற்றிலிருந்து 1840-இல் தன் ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்த பொறியாளர். பிறகு பாரிஸில், கட்டைவிரல் தடிமனுள்ள குழாயிலிருந்து அரை மீட்டர் விட்டமுள்ளவை வரை வரிசையாகச் சோதித்து, 1857-இல் முடிவுகளை வெளியிட்டார். அதுவரை குழாயின் உட்சுவர் வழவழப்பாக இருந்தாலும் சொரசொரப்பாக இருந்தாலும் பெரிய வித்தியாசமில்லை என்று பலர் நம்பிக்கொண்டிருந்தார்கள். டார்சி புதுக் குழாயோடு நிறுத்தாமல், உள்ளே படிவு பிடித்த பழைய இரும்புக் குழாய்களையும் எடுத்துச் சோதித்தார். வித்தியாசம் பெரிதாகவே இருந்தது. பழைய குழாய்க்கு உராய்வை இரண்டு மடங்காகக் கணக்கிடுங்கள் என்று அவர் பொறியாளர்களுக்குச் சொன்னார். நம் வீட்டுச் சுவருக்குள் ஓடும் குழாயைப் பற்றி நூற்றறுபது வருடங்களுக்கு முன்பே எழுதிவைத்த குறிப்பு என்று இதைக் கொள்ளலாம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆலன் ஹேசன், கார்ட்னர் வில்லியம்ஸ் என்ற இரண்டு அமெரிக்கப் பொறியாளர்கள் இதை ஒரு எளிய சூத்திரமாக்கினார்கள். தண்ணீர்க் குழாய் வடிவமைப்பவர்கள் இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள். அதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டியவை. ஒன்று, ஓடும் தண்ணீரை இரட்டிப்பாக்கினால் இழப்பு இரட்டிப்பாவதில்லை, சுமார் 3.6 மடங்காகிறது. மற்றது, குழாயின் உள்விட்டம். அதே அளவு தண்ணீரைப் பாதி விட்டமுள்ள குழாயில் அனுப்பினால் இழப்பு ஏறக்குறைய முப்பது மடங்கு. ரத்தக் குழாய்களை ஆராய்ந்த பிரெஞ்சு மருத்துவர் புவாஸய் மெல்லிய குழாய்களுக்குக் கண்ட விதியில் விட்டத்தின் நான்காம் படி வரும். வீட்டுக் குழாயில் தண்ணீர் சுழன்று கொந்தளித்து ஓடுவதால் ஐந்தாம் படிக்கு அருகே போய்விடுகிறது. விட்டத்தில் ஒரு மில்லிமீட்டர் குறைந்தாலும் தண்ணீர் கணக்கு வைத்துக்கொள்ளும்.

இந்தச் சூத்திரத்தில் நம் வீட்டு எண்களைப் போடுவோம். டேங்க்கிலிருந்து மாடிக் குளியலறைக்குப் பிரியும் டீ வரை பத்து மீட்டர் குழாய் இரண்டு ஷவருக்கும் பொது. குழாய் அரை இன்ச் ஜிஐ, அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு. உள்விட்டம் சுமார் 16 மில்லிமீட்டர். புதிதாக இருந்தபோது ஒரு ஷவர் ஓடினால், எட்டு லிட்டருக்கு, இந்தப் பத்து மீட்டரில் அரை மீட்டரைச் சற்றுத் தாண்டிய உயரம் செலவாகும். மாடியின் வரவு இரண்டு மீட்டர். மிச்சம் ஒன்றரை, குளிக்கலாம். இரண்டு ஷவருக்கும் முழுதாகப் பதினாறு லிட்டர் ஓட வேண்டுமென்றால் செலவு இரண்டு மீட்டர். வரவு முழுவதும் காலி. எல்போக்களை இதில் சேர்க்கவே இல்லை. ஒவ்வொரு அரை இன்ச் எல்போவும் ஏறக்குறைய அரை மீட்டர் குழாய்க்குச் சமம். குளியலறைச் சுவரில் பதித்த, திருகி மூடும் ஸ்டாப் காக் முழுதாகத் திறந்திருந்தாலும் ஐந்து மீட்டர் குழாய்க்குச் சமம்; அதற்குள் தண்ணீர் இரண்டு முறை மடங்கித் திரும்பித்தான் வெளியே வர முடியும்.

ஆகவே குழாய் புத்தம் புதிதாக இருந்த நாளிலேயே இந்த வீட்டில் இரண்டு ஷவர் ஒன்றாக ஓடியிருக்க முடியாது. இப்போது அதன் வயது நாற்பது. ஜிஐ குழாயின் துத்தநாகப் பூச்சு முதலில் கரைகிறது. பிறகு இரும்பு துருப்பிடித்து உள்ளே முண்டுமுண்டாகப் புடைக்கிறது. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதன்மேல் சுண்ணாம்பு படிகிறது. கால்சியம் கார்பனேட் சூடான தண்ணீரில் இன்னும் குறைவாகவே கரையும் என்பதால் கீசருக்கும் அதன் வெந்நீர்க் குழாய்க்கும் பாதிப்பு அதிகம். உள்விட்டம் 16-இலிருந்து 12 மில்லிமீட்டராகச் சுருங்கி, சுவரும் சொரசொரப்பாகிவிட்டது என்று வைத்தால், ஒரே ஒரு ஷவருக்குப் பத்து மீட்டரில் நாலே முக்கால் மீட்டர் செலவு. இரண்டுக்குச் சேர்த்துப் பதினேழு மீட்டருக்கு மேல். இரண்டு மீட்டர் வரவில் இந்தக் குடும்பம் நடக்காது.

மாடியில்தான் நிற்கிறது, கீழே நிற்பதில்லை. அதற்குக் காரணம் டீயில் இருக்கிறது. கீழ் ஷவருக்கு ஐந்தேகால் மீட்டர் உயரம் கையில் இருப்பதால், பொதுக் குழாயில் இரண்டு மீட்டர் இழந்த பிறகும் அது தாராளமாக ஓடும். ஆனால் பொதுக் குழாயில் இழப்பு இரண்டு மீட்டரைத் தொட்ட அந்த நொடியில் மாடி ஷவரின் மட்டத்தில் அழுத்தம் பூஜ்யம். அதற்கும் மேலே போனால் மாடி ஷவர் தண்ணீர் தருவதை நிறுத்தி, காற்றை உள்ளே இழுக்கத் தொடங்கும். சிலர் கேட்டிருப்பார்கள்: கீழே குழாயைத் திறந்ததும் மாடி ஷவரில் 'ஸ்ஸ்' என்று ஒரு உறிஞ்சல். அப்படி உள்ளே போன காற்று குழாயின் மேட்டுப் பகுதியில் தங்கிக்கொண்டு, பிறகு கீழ் ஷவரை மூடினாலும் தண்ணீரை வரவிடாமல் மறிக்கும். "ஏர் லாக் ஆயிருச்சு" என்று சொல்வது இதைத்தான். இரண்டு மீட்டர் அழுத்தத்தால் ஒரு காற்றுக் குமிழைத் தள்ளக்கூட முடிவதில்லை. மொட்டை மாடியில் குழாயைக் கைப்பிடிச் சுவரின் மேலேற்றி மறுபக்கம் இறக்கியிருந்தால் அந்த வளைவே காற்றுக்கு நிரந்தர இருப்பிடம். டேங்க்கின் கேட் வால்வைத் தாண்டியதும் ஒரு டீ வைத்து, நீர்மட்டத்துக்கு மேலே போகும்படி திறந்த வாயோடு ஒரு காற்றுக் குழாயை நிறுத்தினால் அநேகமாகத் தீர்ந்துவிடும். மாடிகளில் டேங்க்குக்குப் பக்கத்தில் காரணமில்லாமல் நிற்பதுபோல் தோன்றும் அந்தக் குழாயை வெட்டிவிட்டு அழகுபடுத்தியவர்கள் உண்டு.

சரி, நம் வீட்டில் குறைவது வரவா, கூடுவது செலவா? சுவரை உடைக்காமல் இதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருக்கும், கண்ணாடிபோல் தெளிந்த நீளமான பிளாஸ்டிக் டியூப் போதும். மாடி ஷவரின் தலையைக் கழற்றிவிட்டு, அந்தக் குழாய் முனையில் டியூபை இறுக்கமாக மாட்டி, வென்டிலேட்டர் வழியாக வெளியே எடுத்து மொட்டை மாடிக்குக் கொண்டுபோக வேண்டும். மறுமுனையை டேங்க்கின் உயரத்துக்கு நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு ஷவர் வால்வைத் திறந்தால், தண்ணீர் ஏறி டேங்க்கின் நீர்மட்டத்தில் நிற்கும். எவ்வளவு அடைத்த குழாயாக இருந்தாலும் அப்படித்தான் நிற்கும், ஏனென்றால் தண்ணீர் ஓடவில்லை. ஓடாத தண்ணீருக்கு உராய்வு இல்லை. "பிரஷர் நல்லாத்தான் இருக்கு" என்று சிலர் ஏமாறுவது இந்த இடத்தில். இப்போது கீழே ஷவரைத் திறக்கச் சொல்லுங்கள். டியூபில் மட்டம் இறங்கும். எவ்வளவு இறங்கியது என்பதுதான் பொதுக் குழாய் தின்ற அழுத்தம். கால் மீட்டர் இறங்கினால் குழாய் நன்றாக இருக்கிறது, குறை உயரத்தில். ஒன்றரை மீட்டர் இறங்கினால், அல்லது டியூபில் தண்ணீரே காணாமல் போனால், குற்றவாளி குழாய். கடையில் விற்கும் வட்ட பிரஷர் மீட்டரை வாங்கி மாட்டலாம்தானே என்று கேட்கலாம். ஏழு கிலோ வரை அளக்கும் அந்த மீட்டரில் நம் 0.2 பாருக்கு முள் அசைந்ததா என்றே தெரியாது. இந்த வேலைக்குக் கொத்தனாரின் டியூப்தான் நுட்பமான கருவி.

குழாயைக் குற்றவாளி என்று முடிவு கட்டும் முன் சில்லறைச் சந்தேகங்களைத் தீர்த்துக்கொள்வது நல்லது. பழைய கேட் வால்வில் கைப்பிடி சுற்றும், உள்ளே இருக்கும் தகடு கழன்று பாதியில் தொங்கிக்கொண்டிருக்கும். திறந்தாயிற்று என்று நாம் நினைப்போம். அதை எடுத்துவிட்டு முழுவாய் திறக்கும் பால் வால்வு போட்டதும் சரியான வீடுகள் இருக்கின்றன. டேங்க்கின் அடியில் சேறு ஏறி வெளிவாயை மூடியிருக்கலாம். ஷவர் துளைகளில் உப்பு அடைத்திருந்தால் ஒரு இரவு வினிகரில் ஊறவைத்தால் போதும். ஷவரின் கழுத்துக்குள் சில கம்பெனிகள் தண்ணீர்ச் சிக்கனத்துக்காகச் சிறு துளையுள்ள ஒரு பிளாஸ்டிக் வில்லையை வைத்திருக்கும். மூன்று பாருக்கு அது சிக்கனம், 0.2 பாருக்கு அது அடைப்பு. கை ஷவரின் பளபளக்கும் எஃகுக் குழலுக்குள் இருக்கும் ரப்பர் டியூபின் வாய் எத்தனை சிறியது என்று ஒருமுறை கழற்றிப் பார்க்க வேண்டும்.

இதெல்லாம் பார்த்தும் மாடி ஷவர் அழுதால் குழாயை மாற்றத்தான் வேண்டும். இங்கேதான் பலர் காசைக் கொடுத்துப் பழைய கஷ்டத்தையே திரும்ப வாங்குகிறார்கள். "அரை இன்ச் ஜிஐ இருந்துச்சு, அரை இன்ச் சிபிவிசி போட்டுட்டேன்" என்பார் பிளம்பர். நம் ஊரில் புழங்கும் சிபிவிசி என்ற பிளாஸ்டிக் குழாயில் அரை இன்ச் என்பது உள்ளே சுமார் பன்னிரண்டரை மில்லிமீட்டர்தான். அரை இன்ச் ஜிஐக்கு 16. பெயர் ஒன்று, வாய் வேறு. சிபிவிசியின் உட்சுவர் வழவழப்பானது, துருவும் பிடிக்காது. ஆனாலும் விட்டத்தில் இழந்ததை வழவழப்பால் ஈடுகட்ட முடியாது. எட்டு லிட்டருக்குப் பத்து மீட்டரில் புது ஜிஐயில் அரை மீட்டரும் கொஞ்சமும் செலவானால், அரை இன்ச் சிபிவிசியில் ஒன்றேகால் மீட்டர். முக்கால் இன்ச் போட்டால் அதே தண்ணீருக்கு இருபது சென்டிமீட்டர். ஒரு இன்ச் போட்டால் இரண்டு ஷவருக்கும் சேர்த்தே இருபது சென்டிமீட்டர்தான். அரை இன்ச்சுக்கும் ஒரு இன்ச்சுக்கும் விலை வித்தியாசம், ஆட்கூலியோடு ஒப்பிட்டால் பொருட்டே அல்ல. சுவரை உடைத்த பிறகு குழாயில் மிச்சம் பிடிப்பதைப்போல் அசட்டுச் சிக்கனம் இல்லை.

அகலத்தோடு பாதையையும் மாற்றினால் இன்னும் நல்லது. பொதுக் குழாய் இல்லாவிட்டால் சண்டையும் இல்லை. டேங்க்கின் வாயிலிருந்து ஒண்ணேகால் இன்ச்சில் ஒரு குறுகிய தாய்க்குழாய், அதிலிருந்து ஒவ்வொரு குளியலறைக்கும் தனித்தனியாக ஒரு இன்ச் டவுன் லைன், குளியலறைக்குள் முக்கால், ஷவருக்கு ஏறும் கடைசி முழ நீளம் மட்டும் அரை. ஒவ்வொரு லைனுக்கும் மாடியில் ஒரு பால் வால்வு இருந்தால் ஒரு குளியலறையில் வேலை நடக்கும்போது மற்றதில் தண்ணீர் நிற்காது. பழைய வீட்டில் சுவரைக் கொத்திப் பதிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வெளிச்சுவரோடு இறக்கி, குளியலறை உயரத்தில் ஒரே ஒரு துளை வழியாக உள்ளே கொண்டுவரலாம்; பழைய குழாய் சுவருக்குள்ளேயே செத்துக் கிடக்கட்டும். வெளியில் ஓடும் சிபிவிசிக்கு வெயில் ஆகாது. தண்ணீரில் கரையும் எமல்ஷன் பெயின்ட் வெள்ளையில் அடித்துவிட்டால் அதன் ஆயுளும் கூடும், மே மாதத்தில் ஷவரில் கொதிநீர் வருவதும் சற்றுக் குறையும்.

டேங்க்கை உயர்த்துவது பற்றி. இரண்டு மீட்டர் தூக்கினால் மாடியின் வரவு இரண்டிலிருந்து நான்காகிறது. இரட்டிப்பு. ஆனால் தண்ணீர் இரட்டிப்பாவதில்லை. நாற்பது, நாற்பத்தைந்து சதவீதம்தான் கூடும். அதே உயரத்தில் அரை இன்ச் சிபிவிசியை முக்காலாக்கினால், குழாயைப் பொறுத்தவரை ஓட்டம் இரண்டரை மடங்குக்கு மேல். ஆகவே முதலில் குழாய், பிறகு உயரம். தூக்குவதானால் எடையை நினைவில் வைக்க வேண்டும்: ஆயிரம் லிட்டர் என்பது ஒரு டன். தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டிய மெட்ராஸ் டெரஸ் கூரைகள் சென்னையின் பழைய வீடுகளில் இன்னும் இருக்கின்றன. அந்தக் கூரையின் நடுவில் ஒரு டன்னை நிறுத்துவது வீட்டாரின் உயிரோடு விளையாடுவது. கான்கிரீட் தளமாக இருந்தாலும், தூண்கள் கீழே இருக்கும் சுமை தாங்கும் சுவருக்கு நேர் மேலே வர வேண்டும். கட்டடப் பொறியாளர் ஒருவர் ஒருமுறை வந்து பார்ப்பதற்கான கட்டணம் வீண்போகாது.

பம்ப்புக்கு வருவோம். குழாய் அகலமாக இருந்து உயரம் மட்டும் போதாத வீட்டில், மாடியில் டேங்க்குக்கு அருகே வைக்கும் சிறு பிரஷர் பூஸ்டர் பம்ப் நல்ல தீர்வு. ஒன்றரை இரண்டு பார் தரும், மழை ஷவரும் மழையாகவே பெய்யும். பழைய ஜிஐ குழாயில் அதை மாட்டினால் இரண்டு விதத்தில் வில்லங்கம். நம் எண்களையே எடுத்துக்கொள்ளுங்கள்: பதினாறு லிட்டருக்குச் சுருங்கிய குழாய் பதினேழு மீட்டர் கேட்டது. அதாவது 1.7 பார். மின்சாரம் கொடுத்து உண்டாக்கிய அழுத்தத்தின் பெரும்பகுதி துருவோடு உராய்ந்து தீர்ந்துவிடும். அடுத்தது, ஷவரை மூடியதும் ஓட்டம் நின்று, உராய்வு மறைந்து, பம்ப்பின் முழு அழுத்தமும் சுவருக்குள் இருக்கும் ஒவ்வொரு மூட்டிலும் வந்து உட்காரும். நாற்பது வருடங்களாக ஒரு பார்கூடப் பார்க்காத மூட்டுகள் அவை. சுவரில் ஈரம் பூக்கும்போதுதான் தெரியும்.

வாங்குபவர்கள் கவனிக்க இன்னொன்று. இந்தப் பம்ப்புகளில் பல, தண்ணீர் ஓடுவதை உணர்ந்துதான் தானாகக் கிளம்பும். மாடி ஷவரில் தானாக வரும் ஓட்டமே சொட்டுச் சொட்டாக இருந்தால் பம்ப்புக்கு அது ஓட்டம் என்றே தெரியாது. அப்படிப்பட்ட வீட்டுக்கு, சிறு அழுத்தக் கலத்தோடு வரும், அழுத்தம் குறைந்தால் கிளம்பும் வகையே சரி. பம்ப்பைச் சுற்றி ஒரு பைபாஸ் குழாயும் அதில் நான் ரிட்டர்ன் வால்வும் இருந்தால் கரண்ட் போன நேரத்தில் பழையபடி உயரத்தின் வேகத்தில் தண்ணீர் வரும். தெருவில் வரும் மாநகராட்சிக் குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுவதை இதோடு சேர்க்கவே கூடாது. அது விதிமீறல், அதைவிட, அண்டை வீட்டுத் தண்ணீரைப் பிடுங்குவது, தெருக் குழாயில் விரிசல் இருந்தால் சாக்கடை நீரையும் உள்ளே இழுத்துவிடும்.

வெந்நீரில் இதே கதை இன்னொரு வேஷத்தில் வரும். மிக்ஸரில் குளிர்நீர் ஒரு பக்கம், வெந்நீர் ஒரு பக்கம். குளிர்நீர் நேராக வருகிறது. வெந்நீர் கீசரின் வால்வு, தொட்டி, அரை இன்ச் இணைப்புகள் எல்லாம் தாண்டி வர வேண்டும். அதனால் அதன் அழுத்தம் எப்போதும் ஒரு படி குறைவு. பூஸ்டரைக் குளிர்நீர் லைனில் மட்டும் வைத்தால் வெந்நீரை அது முட்டி நிறுத்திவிடும். இரண்டும் ஒரே டேங்க்கிலிருந்து, ஒரே பம்ப்பைத் தாண்டி வந்தாக வேண்டும். குளிக்கும்போது பக்கத்து அறையில் ஃப்ளஷ் தொட்டி நிரம்பத் தொடங்கி, திடீரென்று தண்ணீர் சுடுவதும் பொதுக் குழாயின் வேலைதான்: குளிர்நீரின் பங்கு குறைந்தது, வெந்நீர் குறையவில்லை.

கீசரின் அளவையும் சற்றுக் கணக்குப் பார்க்கலாம். கீசரில் 60 டிகிரி, டேங்க் தண்ணீர் 28 டிகிரி, நமக்கு வேண்டியது 40 என்றால், கலவையில் எட்டில் மூன்று பாகம்தான் வெந்நீர். இருபத்தைந்து லிட்டர் கீசர், கலந்த பிறகு அறுபத்தைந்து லிட்டருக்குச் சற்று மேல் தரும். இரண்டு ஷவர் ஓடினால் நான்கு நிமிடம். தண்ணீர் 15 டிகிரியில் இருக்கும் ஊட்டிக் குளிரில் மூன்று நிமிடம்கூடத் தாங்காது. மூன்று கிலோவாட் இன்ஸ்டன்ட் கீசர் வைத்தால் தீர்ந்ததா? சமவெளியிலேயே அது நிமிடத்துக்கு மூன்றரை லிட்டரைத்தான் அந்தச் சூட்டுக்குக் கொண்டுவர முடியும். அது வாளிக்காகப் பிறந்த கருவி. ஆகவே குளியலறைக்கு ஒரு ஸ்டோரேஜ் கீசர் என்று பிரிப்பதே நல்லது, பழைய வயரிங் அதைத் தாங்குமா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டுவிட்டு.

எல்லாம் மாற்றி, ஷவர்கள் ஒன்றாகக் கொட்டத் தொடங்கியதும் கண்ணுக்குப் படுவது டேங்க். மூன்று பேர் ஆளுக்கு இருபது நிமிடம் ஷவரில் குளித்தால் நானூற்றெண்பது லிட்டர் போய்விடும். ஆயிரம் லிட்டர் டேங்க்கில் நீர்மட்டம் அரை மீட்டர் இறங்கியிருக்கும். தரைத்தளத்தில் அரை மீட்டர் தெரியவே தெரியாது. மாடியில் அது மொத்த வரவில் கால் பங்கு; மூன்றாவதாகக் குளிப்பவருக்கு முதலாமவர் குளித்த வேகம் கிடைக்காது. இன்னும் உயரமான டேங்க் வாங்குவதைவிட, அதே உயரத்தில் இன்னொரு டேங்க்கைப் பக்கத்தில் வைத்து, இரண்டின் அடியையும் ஒண்ணேகால் இன்ச் குழாயால் இணைத்துவிடலாம். அதே தண்ணீர் போனாலும் மட்டம் பாதிதான் இறங்கும். மட்டம் சாண் அளவு குறைந்ததும் மோட்டார் தானாக ஓடும்படி ஒரு ஃப்ளோட் சுவிட்சும் போட்டுவிட்டால் காலை நேரம் முழுவதும் டேங்க் கழுத்து வரை நிற்கும். இரண்டாவது டேங்க் இன்னொரு டன் என்பதையும், அது எந்தச் சுவரின் மேல் உட்காரப்போகிறது என்பதையும் முதலிலேயே பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும்.